சைத் அரிவாள்: தட்டுவது, தீட்டுவது, புல் அறுப்பது

நின்றபடியே இரு கையாலும் பிடித்து, தரையை ஒட்டி வீசிப் புல் அறுக்கும் நெடுந்தண்டு அரிவாள்தான் சைத். ஐரோப்பாவில் இயந்திரம் ஏறமுடியாத ஆல்ப்ஸ் சரிவுகளிலும், பால்கன் மலைக்கிராமங்களிலும், வீட்டுப் பழத்தோட்டங்களிலும் இன்றும் புழக்கத்தில் உள்ளது. போஸ்னியாவின் குப்ரெஸ் சமவெளியில் ஆண்டுதோறும் நடக்கும் புல்லறுப்புப் போட்டியை யுனெஸ்கோ 2020-இல் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது.

புதிதாக இதைக் கையில் எடுப்பவர்கள் இடுப்பு வலி, தோள் வலி என்று சில நாளில் கீழே வைத்துவிடுகிறார்கள். அந்த வலியில் பெரும்பங்கு மொண்ணை வாயால், அதாவது மழுங்கிய வெட்டும் ஓரத்தால் வருவது. வாய் மெல்லிதாகத் தட்டித் தீட்டப்பட்டிருந்தால் அரிவாளின் எடையே புல்லை அறுத்துக்கொண்டு போகும். அதனால் அறுப்பைவிடத் தீட்டலுக்கே இங்கே அதிக இடம் தருகிறோம். நீங்களும் பழகும் நேரத்தை அப்படியே பங்கிடுங்கள்.

எதை வாங்குவது

சைத்தில் இரண்டு குடும்பங்கள் உண்டு. ஆங்கில, அமெரிக்க வகைகளின் அலகு தடிப்பானது, கடினமானது. அதைச் சாணைச் சக்கரத்தில் பிடித்துத்தான் மெல்லிதாக்க வேண்டும். ஆஸ்திரிய வகையின் அலகு சம்மட்டியால் அடித்து மெல்லிதாக்கியது. குளிர்ந்த நிலையிலேயே சுத்தியலால் தட்டி நீட்டும் அளவுக்கு இளகிய எஃகு. மேல் ஆஸ்திரியாவின் ரோஸ்லைத்தனில் 1540-இல் தொடங்கிய ஷ்ரோக்கன்ஃபுக்ஸ் பட்டறையின் அலகுகள் இந்த வகையில் பெயர்பெற்றவை. இரண்டு குடும்பத்தின் வைத்தியத்தையும் மாற்றிச் செய்யாதீர்கள். அமெரிக்க அலகைத் தட்டினால் விரிசல் விடும். ஆஸ்திரிய அலகை வேகச் சாணையில் பிடித்தால் வாய் சூடேறி நீலம் பாய்ந்து, எஃகைக் கடினமாக்கிய தோய்ச்சல் போய்விடும். அந்த இடத்தில் பிறகு கூரே நிற்காது. இந்தக் கட்டுரை ஆஸ்திரிய வகையைப் பற்றியது. எடை குறைவு, பழகுவதும் எளிது.

முதல் அலகுக்கு 60 முதல் 65 செ.மீ. நீளம் சரி. மரங்களுக்கும் வேலிக்கும் இடையே நுழைந்து அறுக்க 50 செ.மீ. போதும். 75 செ.மீ. அலகு திறந்த புல்வெளிக்கானது, கை பழகிய பிறகு வாங்கலாம். முள்ளும் குச்சிப்புதரும் வெட்ட 40–50 செ.மீ. அளவில் தடித்த புதர் அலகு தனியாகக் கிடைக்கும். மெல்லிய புல் அலகால் அந்த வேலையைச் செய்தால் வாய் பல்லுப்பல்லாக உடையும்.

புது அலகு வாங்கும்போது ஒன்றைக் கட்டாயம் கேளுங்கள்: வாய் தட்டிக் கொடுக்கப்பட்டதா, தட்டாததா? தட்டாத அலகைக் கல்லால் மட்டும் தீட்டிக்கொண்டு வயலில் இறங்கினால் முதல் நாளே வெறுத்துப்போகும். பழைய அலகு கிடைத்தால் மேல்துரு பற்றிக் கவலை வேண்டாம். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து வாய் நெடுகிலும் விரிசல் தேடுங்கள். தண்டோடு சேரும் வால் முறுக்கியிருக்கிறதா என்று பாருங்கள்.

பாகங்கள்

தண்டோடு சேரும் குட்டையான பகுதி வால். அதன் முடிவில் சிறு குமிழ் இருக்கும். அது தண்டில் உள்ள குழியில் உட்காரும். வாலையும் தண்டையும் சேர்த்து இறுக்குவது இரும்பு வளையம். அதிலுள்ள திருகுகளைச் சதுரத்தலைச் சாவியால் முடுக்க வேண்டும். அலகின் தடித்த வெளிவிளிம்பு முதுகு. அலகை விறைப்பாக வைத்திருப்பது அதுதான். உள்வளைவு வாய். வாய் தொடங்கும் அகன்ற முனையை அடி என்றும், கூர்ந்த மறுமுனையை நுனி என்றும் இங்கே சொல்கிறோம். அலகைத் தட்டைத் தரையில் வைத்துப் பாருங்கள்: கீழ்ப்பாகம் லேசாக உப்பி வயிறுபோல் இருக்கும். அறுக்கும்போது தரையில் சறுக்கிச் செல்வது அந்த வயிறு. அதனால்தான் அலகைத் தூக்கிப் பிடிக்கத் தேவையில்லை.

தண்டை உங்கள் உடம்புக்குப் பொருத்துதல்

தண்டில் இரண்டு பிடிகள் இருக்கும். அலகு பூட்டும் முனை தரையில் படும்படி தண்டை உங்கள் அருகே நிமிர்த்துங்கள். கீழ்ப்பிடி உங்கள் இடுப்பு மூட்டுக்கு நேரே வர வேண்டும். இடுப்பு மூட்டு என்பது வேட்டி கட்டும் இடமல்ல. காலைத் தூக்கினால் மடங்குகிறதே, அந்த இடம். மேல்பிடி அதிலிருந்து ஏறத்தாழ ஒரு முழம் உயரத்தில். முழத்தை உங்கள் கையாலேயே அளந்துகொள்ளுங்கள்: முழங்கை முதல் நடுவிரல் நுனி வரை. பிடிகள் நகராத தண்டாக இருந்தால் உங்கள் உயரத்துக்குச் செய்யப்பட்டதை மட்டும் வாங்குங்கள். அடுத்தவர் தண்டில் பழகினால் குனிந்தே அறுக்கும் வழக்கம் ஒட்டிக்கொள்ளும், முதுகு போய்விடும்.

அலகைப் பூட்டுதல்: கோணம் இரண்டு

வாலின் குமிழைக் குழியில் வைத்து, வளையத்தை ஏற்றி, திருகுகளை மெதுவாக முடுக்குங்கள். முழுதாக இறுக்கும் முன் இரண்டு கோணம் பார்க்க வேண்டும்.

முதலாவது, அலகு தண்டோடு விரியும் அளவு. அரிவாளைத் தரையில் கிடத்தி, தண்டின் மேல்முனை அசையாமல் பிடியுங்கள். வாயின் அடி படும் இடத்தில் ஒரு கோடு போடுங்கள். மேல்முனையை அச்சாக வைத்து அரிவாளைச் சுழற்றி நுனியை அந்தக் கோட்டுப் பக்கம் கொண்டுவாருங்கள். நுனி கோட்டுக்கு 2–3 விரற்கடை உட்பக்கமாக, அதாவது உங்கள் பக்கமாக விழுந்தால் புதியவர்களுக்கு ஏற்ற கோணம். நுனி கோட்டைத் தாண்டி வெளியே போனால் அலகு அதிகம் விரிந்திருக்கிறது. ஒவ்வொரு வீச்சிலும் அளவுக்கு மீறிப் புல்லை வாரிக்கொண்டு நடுவில் நின்றுவிடும். புல் அடர்த்தியாகவோ புல்தண்டு முற்றியோ இருந்தால் இன்னும் சற்று உள்ளே மடக்குங்கள்.

இரண்டாவது, வாய் தரையிலிருந்து நிற்கும் உயரம். அறுக்கும் நிலையில் நின்று, வயிறு தரையில் பட அரிவாளை வையுங்கள். வாய் தரையிலிருந்து சில மில்லிமீட்டர் உயரத்தில், கிட்டத்தட்டத் தரைக்கு இணையாக நிற்க வேண்டும். மேல்நோக்கி இருந்தால் புல்லை உயரத்தில் அறுத்து அடிக்கட்டையை விட்டுவிடும். மண்ணில் குத்துகிறது என்றால் வாலுக்கும் தண்டுக்கும் இடையே மெல்லிய மரச்சீவலோ தோல்துண்டோ ஆப்பு வைத்துச் சரிசெய்யலாம். ஆப்பை முன்பக்கம் வைப்பதா பின்பக்கமா என்பது தண்டைப் பொறுத்தது. இரண்டையும் வைத்துப் பார்த்தால் உடனே தெரிந்துவிடும்.

பிறகு திருகுகளை நன்றாக இறுக்குங்கள். முதல் கால்மணி நேரம் அறுத்ததும் மீண்டும் ஒருமுறை முடுக்குங்கள். மரம் அமுங்கி வளையம் தளர்வது வழக்கம், தளர்ந்த அலகு கழன்று பறக்கும்.

தட்டுதல்

வாயின் ஓரத்தில் உள்ள எஃகைச் சுத்தியலால் அடித்து, மெல்லிதாக வெளிப்பக்கம் நீட்டுவதுதான் தட்டுதல். தேய்ந்த வாயைக் கல் மீண்டும் மீண்டும் கூராக்கும், ஆனால் ஒவ்வொரு முறையும் வாய் கொஞ்சம் பின்னால், தடித்த பகுதிக்குள் போகும். ஓர் அளவுக்குப் பிறகு கல் போட்டும் கூர் சில வீச்சுக்கு மேல் நிற்காது. அப்போது தட்ட வேண்டும். மெல்லிய புல்லில் ஏறத்தாழ 4 முதல் 6 மணி நேர அறுப்புக்கு ஒருமுறை என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். மண்ணும் கல்லும் கலந்த இடமென்றால் இன்னும் சீக்கிரம் வரும்.

சிறு பட்டடைமீது வெறும் சுத்தியலால் தட்டுவது பழைய முறை. அதற்குக் கை பல மாதம் பழக வேண்டும். தொடங்குபவர்களுக்குத் தட்டுக்குமிழ்க் கருவியே ஏற்றது. அதில் நடுவே ஒரு முளை, முளையின்மேல் ஏறி இறங்கும் இரண்டு இரும்புக் குமிழ்கள். ஒரு கோடு போட்ட குமிழ் வாயிலிருந்து சற்று உள்ளே அடித்து எஃகை வெளியே தள்ளும். இரண்டு கோடு போட்டது வாயின் விளிம்பையே மெல்லிதாக்கும். சில கடைகளில் கோட்டுக்குப் பதில் நிறம் இருக்கும்.

தேவையானவை: சுமார் 30 செ.மீ. குறுக்களவுள்ள மரக்கட்டை, தட்டையான முகமுள்ள 500 கிராம் சுத்தியல், கொஞ்சம் எண்ணெய், ஒரு துணி, நல்ல வெளிச்சம். கட்டையின் உயரம், நீங்கள் உட்கார்ந்தால் அலகு தொடைமேல் சமமாகக் கிடக்கும்படி அமைய வேண்டும். அலகின் நுனி தொங்கினால் தட்டும் கோணம் மாறிக்கொண்டே இருக்கும்.

1. அலகைத் தண்டிலிருந்து கழற்றி, காய்ந்த புல்சாற்றையும் மண்ணையும் முழுதாகத் துடையுங்கள். ஒட்டியிருக்கும் மண் குமிழுக்கும் அலகுக்கும் நடுவே நசுங்கி வாயில் குழி போடும். பிறகு வாயில் லேசாக எண்ணெய் தடவுங்கள்.

2. கருவியைக் கட்டையில் அறைந்து ஆடாமல் நிறுத்துங்கள். ஒரு கோட்டுக் குமிழை முளையில் மாட்டுங்கள்.

3. அலகின் மேல்பக்கம் மேலேயே இருக்கட்டும். முதுகு உங்கள் பக்கம், வாய் எதிர்ப்பக்கம், வால் இடக்கைப் பக்கம். வாயை முளையோடு ஒட்டி நிறுத்துங்கள். அந்த ஒட்டல் விடாமல் இருப்பதுதான் முழுக் கலையும். வாய் முளையைவிட்டு விலகினால் குமிழ் தவறான இடத்தில் அடிக்கும்.

4. அடியிலிருந்து தொடங்கிக் குமிழின்மேல் நிதானமாக அடியுங்கள். ஒவ்வோர் அடிக்கும் அலகை 2 மி.மீ. அளவு நகர்த்தி, ஓர் அடியின் தடம் அடுத்ததைப் பாதி மூடும்படி நுனி வரை செல்லுங்கள். எல்லா அடியும் ஒரே வலுவில் விழ வேண்டும். முதல் சில முறை மெதுவான அடியே நல்லது. குறைவாகத் தட்டியதை மறுபடி தட்டலாம், அதிகம் தட்டியதைத் திரும்பப் பெறமுடியாது.

5. இரண்டு கோட்டுக் குமிழை மாட்டி அதே வழியில் அடி முதல் நுனி வரை மீண்டும் செல்லுங்கள்.

6. கட்டைவிரல் நகத்தை வாயின் கீழ்ப்பக்கத்தில் வைத்து லேசாக மேலே அழுத்தி, வாய் நெடுகிலும் இடம் மாற்றிக்கொண்டே செல்லுங்கள். சரியாகத் தட்டிய வாய் நகம் பட்ட இடத்தில் மெல்ல உப்பி, நகம் நகர்ந்ததும் அடங்கும். அசையாத இடத்தை நினைவில் வைத்து அங்கே மட்டும் மறுபடி தட்டுங்கள். நகத்தை விளிம்போடு நெடுக இழுக்கக் கூடாது, எடுத்து எடுத்து வைக்க வேண்டும்.

65 செ.மீ. அலகுக்கு முதலில் அரைமணி, முக்கால்மணி ஆகும். அவசரப்படும் நாளில் இந்த வேலையைத் தொடவே வேண்டாம்.

தவறுகளில் முதன்மையானது அலை. ஒரே இடத்தில் பலமாக அடித்தால் எஃகு பக்கவாட்டில் விரிந்து, போக இடமில்லாமல் வாய் முறுக்கு ஓரம்போல் நெளியும். லேசான நெளிவு கல் போடப்போட அடங்கும். பெரிய நெளிவை அப்படியே தேய விட்டு, அடுத்தடுத்த தட்டல்களில் அதன் இரு பக்கத்தையும் மெதுவாக நீட்டிச் சமன் செய்ய வேண்டும். நெளிவின் மேலேயே மறுபடி அடித்தால் கூடுதலாகும்.

அடுத்தது விரிசல். பெரும்பாலும் பழைய அலகில், அல்லது உறைகுளிரில் தட்டும்போது வரும். குளிர்காலத்தில் அலகை வீட்டுக்குள் கொஞ்ச நேரம் வைத்து வெதுவெதுப்பானதும் தட்டுங்கள். விரிசல் விட்டுவிட்டால் அப்படியே அறுக்கப் போகாதீர்கள், புல் மாட்டி அது உள்ளே ஓடும். மெல்லிய அரத்தால் விரிசலின் முடிவு வரை ராவி, கூரான மூலை இல்லாத சிறு பிறை வடிவமாக்குங்கள். அந்தப் பிறை அறுப்புக்குத் தொந்தரவு தராது. சில தட்டலில் தானே மறையும். கல்லில் மோதி வந்த பொக்கைக்கும் இதே வைத்தியம்தான். பொக்கையை முழுதாக நீக்க வேண்டும் என்று வாய் முழுவதையும் ராவுவது அலகின் ஆயுளை வீணாக்குவது.

கல் போடுதல்

தட்டல் வாயை மெல்லிதாக்கும். கூரைக் கொடுப்பது கல். சைத்துக்கான கல் இருபக்கமும் ஒடுங்கிய ஓட வடிவில், சுமார் 22 செ.மீ. நீளத்தில் இருக்கும். அலகின் உள்வளைவில் தட்டைச் சாணைக்கல் சரியாகப் படியாது, அதனால் இந்த வடிவம். வயலுக்கு நடுத்தரச் சொரசொரப்பு ஒன்று போதும். ஸ்லோவாக்கியாவின் ரோஸுடெக், ஆஸ்திரியாவின் ப்ரெகென்ஸர் போன்ற கற்களைப் பழகியவர்கள் விரும்புகிறார்கள். முரட்டுச் செயற்கைக்கல்லைப் பொக்கை எடுக்க மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். தட்டி நீட்டிய மெல்லிய வாயை அது ஒரே நாளில் தின்றுவிடும்.

கல்லை எப்போதும் ஈரமாக வைக்க இடுப்பில் தண்ணீர்க் குப்பி கட்டுவார்கள். மாட்டுக்கொம்பு, தகரம், பிளாஸ்டிக் எதுவாயினும் சரி. பாதிக்குமேல் தண்ணீர் வேண்டாம். உள்ளே ஒரு பிடி புல்லைத் திணித்தால் கல் ஆடாது, தண்ணீரும் சிந்தாது. காய்ந்த கல்லில் எஃகுத்துகள் அடைத்துக்கொள்ளும், பிறகு அது வாயைத் தீட்டாது, வழுக்கும்.

தண்டின் மேல்முனையைத் தரையில் ஊன்றி அரிவாளைத் தலைகீழாக நிறுத்துங்கள். அலகு மார்பளவில் வரும். ஈரப்புல் ஒரு பிடி எடுத்து, முதுகிலிருந்து வாய்ப்பக்கமாக அலகைத் துடையுங்கள். இடக்கையால் முதுகை மேலிருந்து பற்றி அலகை அசையாமல் நிறுத்துங்கள். அடியில் தொடங்கி, கல்லை அலகோடு கிட்டத்தட்டப் படிய வைத்து, உள்ளிருந்து வெளியே, நுனிப்பக்கம் சாய்ந்தவாறு இழுங்கள். மேல்பக்கம் ஒன்று, கீழ்ப்பக்கம் ஒன்று என்று மாற்றி மாற்றி, கல்லின் முழு நீளமும் வேலை செய்யும்படி நுனி வரை போங்கள். கல்லைச் சரித்துத் தூக்கினால் வாய் சீக்கிரம் கூராவதுபோல் தோன்றும், ஆனால் அந்தக் கூர் தடிப்பானது. சில நிமிடத்தில் மழுங்கும். கீழ்ப்பக்கம் தீட்டும்போது கல் அநேகமாக அலகோடு ஒட்டியே இருக்கட்டும். கடைசிச் சுற்றில் அழுத்தமே வேண்டாம். பிசிறு ஒருபக்கம் திரும்பி நிற்கிறதா என்பதை விரலை வாய்க்குக் குறுக்கே, உள்ளிருந்து வெளியே மட்டும் தடவிப் பாருங்கள்.

அறுக்கும்போது 5 நிமிடத்துக்கு ஒருமுறை கல் போட வேண்டும். இதைத்தான் புதியவர்கள் நம்புவதில்லை. கூர் போனது தெரிந்த பிறகு தீட்டுவது தாமதம். அதற்குள் நீங்கள் தோளால் இழுக்க ஆரம்பித்திருப்பீர்கள்.

சைத்தால் வரும் காயம் பெரும்பாலும் கல் போடும்போதுதான் வருகிறது. கல்லின் ஒரு முனையை மட்டும் பிடியுங்கள், விரல்கள் கல்லின் ஓரத்தைத் தாண்டக் கூடாது. கையைப் பார்த்தே தீட்டுங்கள். பேசிக்கொண்டே வேகமாகக் கல் போடும் தேர்ந்தவர்களைப் பார்த்து அதே வேகத்தை முயல வேண்டாம்.

அறுத்தல்

விடியற்காலை, பனி காயும் முன் இறங்குங்கள். ஈரப்புல் கனத்து நிமிர்ந்து நிற்கும், வாய்க்கும் வழவழப்புக் கிடைக்கும். வெயிலேறிக் காய்ந்த புல் வளைந்து கொடுத்து வாய்க்கு அடியில் நழுவிவிடும். இறங்கும் முன் இடத்தை ஒரு சுற்று நடந்து கல், கம்பி, எலிவளை மண்மேடு எல்லாவற்றையும் பார்த்துவையுங்கள். மற்றவர்கள் குறைந்தது 4 மீட்டர் தள்ளி நிற்கட்டும்.

கால்களைத் தோளகலம் விரித்து, முழங்காலைச் சற்றே மடக்கி, முதுகை நிமிர்த்தி நில்லுங்கள். அலகின் வயிற்றைத் தரையில் வைத்து, இடுப்போடு உடம்பை வலப்பக்கம் திருப்புங்கள். அரிவாளும் கூடவே தரையில் சறுக்கி வலப்பக்கம் வரும். இனி உடம்பை இடப்பக்கம் திருப்புங்கள். உங்களைச் சுற்றி ஓர் அரைவட்டம் போல அலகு போக வேண்டும். கைகள் பிடித்துக்கொண்டு மட்டும் இருக்கட்டும். வீச்சு முடியும்போது அறுபட்ட புல் இடப்பக்கம் ஒரு வரியாகக் குவியும். அலகைத் தூக்காமல் அதே தடத்தில் வலப்பக்கம் திருப்பி, கால்களை ஒரு சாண் கூட இல்லாமல் முன்னே நகர்த்தி அடுத்த வீச்சு.

ஒரு வீச்சுக்கு 5 செ.மீ. புல் மட்டும் எடுங்கள். அது மிகக் குறைவாகத் தோன்றும். சரியான அசைவு வந்த பிறகு 10, 15 என்று தானே கூடும். நம்மூர் அரிவாளில் புல்லைக் கையால் பிடித்து இழுத்து அறுப்போம். அந்தப் பழக்கம் உள்ளவர்கள் சைத்தையும் தம்மை நோக்கி இழுக்கிறார்கள், அல்லது வெட்டுக்கத்தியைப் போல ஓங்குகிறார்கள். இரண்டிலும் வாய் புல்லின் குறுக்கே சறுக்காது, சறுக்காமல் அறுபடாது. பழைய ஐரோப்பியக் கணக்கில் கைதேர்ந்த ஒருவர் நாளுக்கு ஏறத்தாழ ஓர் ஏக்கர் அறுப்பார். அந்தக் கணக்கை இப்போதைக்கு மறந்துவிட்டு, ஒரு நாளைக்கு அரைமணி நேரம் பழகுங்கள்.

அறுக்காத புல் எப்போதும் உங்கள் வலப்பக்கமும் முன்னும் இருக்க வேண்டும், அறுத்த வெளி இடப்பக்கம். காற்றிலோ மழையிலோ சாய்ந்த புல்லாக இருந்தால், அது இடப்பக்கமோ உங்களைவிட்டு அப்பாலோ சாய்ந்திருக்கும் திசையைத் தேர்ந்தெடுங்கள். அப்போது வாய் புல்தண்டின் அடியில் நுழையும். எதிரே சாய்ந்த புல்லில் அலகு மேலே ஏறி வழுக்கும். சரிவில் குறுக்காக, மேடு வலப்பக்கம் இருக்குமாறு நடந்து, கீழிருந்து மேலாக வரி வரியாக ஏறுங்கள். புல் தன் எடையாலேயே கீழ்ப்பக்கம் விழும்.

எங்கே தவறுகிறது

நுனி மண்ணில் குத்துகிறதா? பெரும்பாலும் அடி தரையைவிட்டு எழும்பிவிடுகிறது. வலக்கையைச் சற்றுத் தாழ்த்தி அடியைத் தரையில் வையுங்கள். அப்படியும் குத்தினால் பூட்டிய உயரத்தைத் திருத்துங்கள். குத்திய வேகத்தில் நுனி வளைந்துவிட்டால் ஓங்கி அடிக்காமல், மரக்கட்டைமேல் வைத்துச் சிறுகச் சிறுக நிமிர்த்துங்கள்.

வீச்சின் முடிவில் இடப்பக்கம் புல்முடி நிற்கிறதென்றால் உடம்பு முழுதாகத் திரும்பவில்லை, அல்லது வீச்சின் கடைசியில் அலகு மேலே எழும்புகிறது. புல் அறுபடாமல் மடிந்து கிடந்தால் முதலில் கல் போடுங்கள். பிறகும் அப்படியென்றால் ஒரு வீச்சுக்கு எடுக்கும் அளவைப் பாதியாக்குங்கள். தரையில் படிப்படியாக மேடுபள்ளம் தெரிந்தால் வீச்சு வளைவாக இல்லை, நேர்கோடாகப் போகிறது.

வேலை முடிந்ததும்

புல்சாறு காயும் முன் அலகைக் கழுவித் துடைத்து எண்ணெய் தடவுங்கள். தூக்கிச் செல்லும்போது அலகு உங்களுக்குப் பின்னே இருந்து, வாய் வெளிப்பக்கம் பார்க்கும்படி பிடிக்க வேண்டாம். வாய்க்கு மர உறையோ பிளந்த ரப்பர்க் குழாயோ மாட்டுங்கள். காரில் ஏற்றுவதென்றால் அலகைக் கழற்றித் துணியில் சுற்றுங்கள். ஓய்வெடுக்கும்போது அரிவாளைப் புல்லில் கிடத்தாதீர்கள், புல்லுக்குள் அது கண்ணுக்குத் தெரியாது. குழந்தைகளுக்கு எட்டாத உயரத்தில், மரக்கிளையிலோ ஆணியிலோ, வாய் சுவரைப் பார்க்கும்படி மாட்டுங்கள். தண்ணீர்க் குப்பியைக் கவிழ்த்துக் கல்லைக் காயவிடுங்கள். குளிர்நாட்டில் ஈரக்கல்லை வெளியே விட்டால் இரவு உறைபனியில் பிளந்துபோகும்.